அத்திம்பேரின் மாலைக்கண்ணும் ஒரு புட்டி எண்ணெயும்

என் அக்கா காமுவின் கணவர் ராஜாராமன் அத்திம்பேர், கல்கத்தாவில் ஒரு சணல் கம்பெனியில் குமாஸ்தா. மெட்ரிகுலேஷனோடு ஹவுராவில் வந்து இறங்கியவர்; எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட லீவு எடுக்காதவர். 1910-ம் வருஷம் கார்த்திகையில் அவருக்கு மாலைக்கண் வந்தது. விளக்கு வைக்கும் நேரமானால் தெருவில், அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்த என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். ஆபீஸில் தெரிந்தால் வேலை போய்விடும். கண் மங்கிய ஒருவரை முந்தின வருஷம்தான் தலைமைக் குமாஸ்தாவான பெரிய பாபு ஒரே கடிதத்தில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

மருந்துப் புட்டி எதையும் நான் நம்புவதில்லை. மூளைக்குப் பலம், நரம்புக்கு முறுக்கு என்று நாங்கள் குடியிருந்த பவானிபூரில் சுவருக்குச் சுவர் டானிக் விளம்பரம். அதில் ஒரு சொட்டும் குடிக்காமல்தான், எங்கள் ஊரிலேயே முதல் ஆளாக நான் பி.ஏ. தேறினேன். ஆனாலும் வேறு வழியில்லாமல் அத்திம்பேரை டாக்டர் கோஷாலிடம் அழைத்துப் போனேன். அவர் கண்ணிமையைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஏதோ கிறுக்கிக் கொடுத்தார். கம்பவுண்டர் லேபிள் இல்லாத புட்டியில் மஞ்சள் எண்ணெயை ஊற்றி, "தினம் இரண்டு கரண்டி" என்றான். அவ்வளவுதான்.

"என்னடா பி.ஏ., கண்ணுக்கு எண்ணெயைக் கொடுத்திருக்கான்?"

"உஷ்ணம் அத்திம்பேர். எண்ணெய்னா தலைக்குத்தானே?" என்றேன் நான்.

தினமும் காலையில் உச்சந்தலையில் இரண்டு கரண்டி. சீயக்காய் போட்டும் நாற்றம் போகவில்லை. வங்காள மருந்து, அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் இருவரும் விட்டுவிட்டோம். "மதராஸி பாபு, இன்று என்ன மீன்?" என்று ஆபீஸில் கேட்டார்களாம். காமுவோ புட்டியை மோந்து பார்க்கவில்லை. அவரைத்தான் மோந்து பார்த்தாள்.

"ஏன்னா, மத்தியானம் எங்கே சாப்பிடறேள்?"

"நீ கட்டிக் கொடுக்கற தயிர்சாதம்தான்."

"தயிர்சாதமா இப்படி நாறும்?"

என்னைத் தனியே இழுத்து, "பெங்காலி ஹோட்டலுக்குப் போறாரா? மறைக்காம சொல்லுடா" என்றாள். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தேன். சொல்லும்போதே எனக்கும் லேசாகச் சந்தேகம் தட்டியது.

மூன்று வாரமாகியும் கண் தேறவில்லை. ஒரு சாயங்காலம் ஆபீஸில் மைக்கூட்டைத் தட்டிக் கவிழ்த்துவிட்டார்; பெரிய பாபு முறைத்தாராம். மறுநாள் மூவருமாக டாக்டரிடம் போனோம். எண்ணெய் தேய்த்த கதையைக் கேட்டுவிட்டு அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"தலைக்கா! அரே பாபு, அது மீன் ஈரல் எண்ணெய். குடிக்க வேண்டும். உடம்பில் சத்துக் குறைந்ததால் வந்த மாலைக்கண் இது."

அத்திம்பேர் எழுந்துவிட்டார். "கண் போனாப் போகட்டும். வாடா."

காமு எழவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எத்தனை நாள் குடிக்கணும்னு கேளுடா" என்றாள்.

வீட்டுக்கு வந்தும் அவர் மசியவில்லை.

"மூணு வாரமா தலையிலே பூசிண்டு சந்தியாவந்தனம் பண்ணியாச்சு. இனிமே உள்ளே போனா என்ன? வேலை போனா யார் சோறு போடுவா?" என்றாள் காமு.

அதன்பின் கொல்லைக் குழாயடியில் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு, தினம் இரண்டு கரண்டி. உடனே வாயில் ஒரு துண்டு நார்த்தங்காய். புட்டியை மட்டுமே நம்பியிராமல், காமு தினமும் கீரையும் சமைத்தாள்.

மார்கழிக் கடைசியில் ஒரு நாள், பொழுது சாய்ந்த பிறகு பெரிய பாபு நீட்டிய கடிதத்தை அத்திம்பேர் தடுமாறாமல் வாசித்துவிட்டு வந்தார். எனக்கு மட்டும் இன்னும் திருப்தியில்லை. குணமாக்கியது கீரையா, எண்ணெயா?

"ஒரு வாரம் எண்ணெயை நிறுத்திப் பார்ப்போமே, தெரிஞ்சுடும்" என்றேன்.

"உன் பரீட்சைக்கு என் ஆம்படையான் கண்தான் கிடைச்சுதா?" என்று, அடுத்த புட்டி வாங்கிவர என்னையே துரத்தினாள் காமு.