ஈசூனில் மட்டும் மாறிய புவியீர்ப்பு

உலகமெங்கும் புவியீர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு. சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் அடுக்குமாடி புளோக்கில் மட்டும் ஒரு சனிக்கிழமை எட்டு, அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டு. பள்ளி அறிவியல் போட்டிக்காக இந்த அதிசயத்தைக் கண்டுபிடித்தவள் நான்தான்.

மாடியிலிருந்து பொருளைப் போட்டு அளப்பதுதான் என் முதல் திட்டம். "போடு லா. யார் மண்டையிலயாவது விழட்டும், போலீஸே வந்து அளக்கும்," என்றார் சித்தப்பா. ஆகவே ஊசலுக்கு மாறினோம். காரிடாரில் துணி உலர்த்தும் கம்பியிலிருந்து ஒரு மீட்டர் நூல், நுனியில் எலுமிச்சம்பழம். உருண்டையாக வீட்டில் அகப்பட்டது அதுதான்.

மார்க்கெட் பையோடு வந்த பக்கத்து வீட்டு ஆன்ட்டி, பழத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். "தம்பி, யாருக்கு இதைக் கட்டி வச்சிருக்கீங்க?"

"புவியீர்ப்புக்கு, ஆன்ட்டி," என்றேன் நான்.

"அது யாரு, மேல் மாடியா?"

சத்தம் கேட்டு வெளியே வந்த அவர் மகள், அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த அக்கா, பழத்தைக் கையால் ஒதுக்கி அம்மாவுக்கு வழிவிட்டார். பிறகு அங்கேயே நின்று ஸ்டாப்வாட்ச்சையும் வாங்கிக்கொண்டார். பத்து ஆட்டங்களைச் சித்தப்பா எண்ணுவார்; அக்கா நேரம் பார்ப்பார்; கணக்குப் போடும் மேதை நான்.

விடை எட்டு. "துல்லியம் பத்தல. அடுத்த வாரம் மறுபடி பாப்போம்," என்றார் சித்தப்பா. தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்க்காதவர், புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வாராவாரம் வந்தார்.

அடுத்த வாரம் பன்னிரண்டு.

"நீங்க ஏழுக்கு அப்புறம் ஒன்பது சொன்னீங்க," என்றார் அக்கா.

"அப்படியா? கவனிக்கலையே!"

திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். எனக்கு அழுகை முட்டியது. அதற்கு முந்தைய சனிக்கிழமை, சித்தப்பா வருவதற்குள் அம்மாவை எண்ணச் சொல்லி நானே நேரம் பார்த்தேன். முதல் தடவையிலேயே ஒன்பது புள்ளி எட்டு!

புதுச் சட்டையும் தலையில் ஜெல்லுமாக லிஃப்டிலிருந்து வெளியே வந்தவரிடம் ஓடினேன். "முடிஞ்சிருச்சு சித்தப்பா! இனிமே அக்கா வேணாம்!"

அவர் முகம் வாடிப்போனது. "ஒரு தடவை பார்த்தா போதுமா? துல்லியம்..."

"உங்களுக்குத்தான் பத்து வரைக்கும் எண்ண வரல!"

பக்கத்து வீட்டுக் கதவுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்கா வெளியே வந்தார். வெற்றிபெற்ற விஞ்ஞானியான நான் பழத்தை அவிழ்த்து, ஜூஸ் போடச் சொல்லி அம்மாவிடம் கொண்டுபோனேன். திரும்பி வந்தால், வெறும் நூலின் இந்தப் பக்கம் சித்தப்பா, அந்தப் பக்கம் அக்கா. பழமே இல்லாமல் இவர்கள் இன்னும் எதை அளக்கிறார்கள் என்று, ஜூஸை முழுசாகக் குடித்து முடித்தும் எனக்கு விளங்கவில்லை.