கவுஸ் பாஷா வீட்டுப் பிள்ளை

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருக்கும் நூர்ஜகானால் ஆறு மாதமாக யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. கடையில் வேலை பார்த்த கண்ணகியை நூர்ஜகானின் ஒரே மகன் பைரோஸ், ரம்ஜான் பெருநாளுக்கு முந்தின நாள் உள்ளறையில் வைத்துப் பலாத்காரம் செய்துவிட்டான். குற்றவாளி என்று கோர்ட்டில் சொல்லியாயிற்று. எத்தனை வருஷம் என்பது மட்டும்தான் பாக்கி. அதற்கு முன் குடும்பப் பின்னணியை விசாரித்து எழுத, இசைவாணி என்ற நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்திருந்தார்.

வக்கீல் முந்தின நாளே பாடம் நடத்தியிருந்தார். "அப்பன் குடிச்சிட்டு வந்து அடிப்பாருன்னு சொல்லுங்கம்மா. சின்ன வயசுல மனசு பாதிச்சுதுன்னா தண்டனை கம்மியாவும். செத்தவரு எழுந்து வந்து இல்லைன்னு சொல்லப் போறாரா?"

நல்ல யோசனைதான். அவள் கணவர் கவுஸ் பாஷா குடியை வாசனைகூடப் பார்த்தவரில்லை, மகனை ஒரு அடி அடித்ததில்லை. அதனாலென்ன? பழியைச் சுமக்கத் தோதான ஆள் கபர்ஸ்தானில் படுத்திருக்கிறவர்தானே!

"வீட்டுல அடி, உதை ஏதாவது உண்டாம்மா?" என்று இசைவாணி கேட்டார்.

"அவரு..." என்று ஆரம்பித்தவள், எழுந்துபோய்த் தண்ணீர்ச் சொம்பை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"சரி, பைரோஸ் பொம்பளைங்ககிட்ட எப்படிப் பழகுவாரு?"

வளையல் போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. கையை வாங்கி, சோப்பு தடவி, விரல் முட்டிகளை ஒடுக்கி, கண்ணாடி உடையாமல் ஏற்ற வேண்டும். முன்பின் தெரியாதவனிடம் பெண்கள் கையை நீட்டிவிட்டுப் பக்கத்தில் இருப்பவளோடு ஊர்க்கதை பேசுவார்கள். அந்த நம்பிக்கையில்தான் கடையே ஓடுகிறது. மகனுக்கு அந்த வேலையைக் கற்றுக் கொடுத்தவள் நூர்ஜகான்.

ரிஷிவந்தியத்திலிருந்து வளையல் போட வந்த ராதிகா என்ற பெண் முன்பொருநாள் பைரோஸ் முன்னாலிருந்து வெடுக்கென்று எழுந்தாள். "வளையல் போட்டு முடிச்சும் கைய வுடமாட்டேங்கிறாரு, இன்னா பழக்கம் இது?"

"வளையல் போடறவன் கையப் புடிக்காம காலையா புடிப்பான்?" என்றாள் நூர்ஜகான். கடையே சிரித்தது, பைரோஸும் சிரித்தான். ராதிகா முகம் சுண்டி இறங்கிப் போனாள். நல்ல பதிலடி கொடுத்துவிட்டோம் என்று நூர்ஜகானுக்கு அன்று முழுக்கப் பெருமை வேறு. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அவரு அடிக்கலைங்க மேடம். தங்கமான மனுசன். வக்கீல் வேற மாதிரி சொல்லச் சொன்னாரு. எனக்கு வாய் வரல."

"இதை எழுதினா உங்க பையனுக்கு உதவாதும்மா."

"தெரியுங்க. இன்னொண்ணும் எழுதிக்குங்க. கண்ணகி முன்னாடியே எங்கிட்ட வந்து சொல்லிச்சு. 'தனியா இருக்கும்போது பின்னாலயே வந்துகினு கீறாரும்மா, பயமா கீது'ன்னு அழுதுச்சு."

இசைவாணியின் பேனா நின்றது. "நீங்க என்ன சொன்னீங்க?"

நூர்ஜகான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரம்ஜான் யாவாரம் முடியட்டும், வேற கடையில சேத்துவுடறேன்னு சொன்னேங்க. பெருநாளுக்கு மூணு நாள்தான் இருந்துச்சு."