ஜெப நேரத்தில் அலறிய மெஷின்

மூச்சு எவ்வளவு பெரிய காரியம் என்பது, என் கணவர் வில்சனுக்கு அது முட்டத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வெள்ளறடைப் பக்கம் கல்குவாரியில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர். கல்தூசி நுரையீரலைக் கெடுத்துவிட்டது, இனி முழுசாகச் சரியாகாது என்று டாக்டர் சொன்னார். போன ஓணம் கழிந்த சமயத்தில் ஒரு ஆக்சிஜன் மெஷினோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். கரண்டில் ஓடும் மெஷின். குழாயை மூக்கில் மாட்டிவிட்டால் போதும். கரண்டு குறைந்தால் அலாரம் அடிக்கும், உடனே பக்கத்தில் இருக்கும் சின்ன சிலிண்டருக்கு மாற்ற வேண்டும்.

எங்கள் வீடு கொல்லயிலில். சாயங்காலம் குடும்ப ஜெபம் கல்யாணமான நாள் முதல் எங்கள் வீட்டில் தவறியதில்லை. அவர் படுக்கையில் விழுந்த பிறகு, பக்கத்து வீட்டு லில்லி அக்காவும் சபைப் பெண்கள் சிலரும் கூட வந்து உட்கார்ந்தார்கள். நோயாளியை உள்ளறையில் விட்டுவிட்டு முன்னறையில் ஜெபிக்கிற பழக்கம் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. நடுவில் உட்கார வைத்து, தலையில் கை வைத்துத்தான் ஜெபிப்போம். அதனால் தினமும் அவரைக் கைத்தாங்கலாக முன்னறைக்குக் கூட்டி வருவேன். மெஷினையும் உருட்டிக்கொண்டு வந்து அங்கே உள்ள பிளக்கில் சொருகுவேன்.

பாட்டு முடியும். ஜெபம் தொடங்கும். மெஷின் அலறும்.

பகலில் ஒரு தொந்தரவும் இல்லை. உள்ளறையில் படுத்திருக்கும்போது சமத்தாக ஓடும். ஜெபத்துக்கு உட்கார்ந்தால் மட்டும் இந்தக் கூத்து. நான் பதறிப்போய் சிலிண்டரை மாட்டுவதற்குள் அவர் உதடு நீலம் பாரித்துவிடும். கரண்டு ஆபீசில் சொன்னோம். ஆட்கள் காலையில் வந்து மீட்டரையும் கம்பத்தையும் பார்த்துவிட்டு, லைன் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

லில்லி அக்காதான் முதலில் வாய்விட்டுச் சொன்னார்.

"ஸ்டெல்லா, இது கரண்டு இல்ல கேட்டியா. ஜெபம் தொடங்கும்ப மட்டும் என்னத்துக்கு சத்தம் போடுது? பிசாசுக்க வேலையாக்கும்."

நாங்கள் எல்லாரும் அதை நம்பினோம். நானும்தான். எதிரியை விரட்ட இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். வந்தவர்களுக்குப் புழுங்குகிறதே என்று ஒரு ஸ்டாண்டு ஃபேனையும் அதே பிளக்கில் மாட்டினேன். அலறல் கூடியது. நாங்களும் விடவில்லை, அதற்கு மேல் சத்தமாக ஜெபித்தோம்.

ஒரு நாள் எல்லாரும் போன பிறகு வில்சன் என் கையைப் பிடித்தார்.

"எட்டி, இனி என்னைய முன்னால கொண்டு வராத. நீங்க ஜெபியுங்க. நான் உள்ள கெடந்து ஆமென் சொல்லுதேன்."

அவரை நடுவிலிருந்து எடுத்துவிட்டால் பிசாசு ஜெயித்தது போல ஆகாதா? அடுக்களைக்குப் போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். "ஆண்டவரே, எங்களுக்கு வழி தெரியவில்லை. இந்த வீட்டுக் குறை என்னவென்று அறிந்த ஒரு ஆளை அனுப்பும்" என்று கேட்டேன். வேறு எதையும் கேட்க எனக்குப் பலம் இல்லை.

அந்த வாரம் ஆள் யாரும் வரவில்லை. ஒரு செய்திதான் வந்தது. நெய்யாற்றின்கரையில் பெண்களுக்கு ஒரு பயிற்சி. வீடு வீடாகப் போய்க் கரண்டு எங்கே வீணாகிறது, எங்கே கோளாறு என்று பரிசோதிக்கிற வேலை. வீட்டு எனர்ஜி ஆடிட்டர் என்று சர்டிபிகேட் கொடுப்பார்கள். நான் கல்யாணத்துக்கு முன் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவள். அந்தப் படிப்பு அலமாரியில்தான் கிடந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு ஆண்டவர் மேல் கோபம் வந்தது. நான் ஆள் கேட்டால் நீர் வகுப்பு காட்டுகிறீரா? மூச்சு முட்டுகிற மனுஷனை விட்டுவிட்டு எப்படிப் போவேன்?

வில்சன்தான் பிடிவாதம் பிடித்தார்.

"வகுப்புக்குப் பெய்யிட்டு வா. லில்லி அக்கா பாத்துக்கிடுவா. நான் எங்கயும் ஓடிப் போவ மாட்டேன், ஓட மூச்சு வேண்டாமா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, உதியன்குளங்கரையில் பஸ் ஏறும்வரை அழுதுகொண்டே போனேன்.

வகுப்பு எடுத்தது ஷைலஜா டீச்சர். என் தங்கை வயதுதான் இருக்கும். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். அக்கா என்பதற்குச் சேச்சி என்றுதான் என்னைக் கூப்பிடுவார். எந்தச் சாமான் எவ்வளவு கரண்டு குடிக்கும், கூரை வழியாகச் சூடு எப்படி இறங்கும், எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மீட்டர் ஓடினால் என்ன அர்த்தம் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். துருப்பிடித்துக் கிடந்த என் மூளை மெல்ல அசைந்தது. பிறகு வீட்டுப் பயிற்சி வந்தது. முதலில் சொந்த வீட்டைப் பார்க்க வேண்டும், ஊரார் வீடு அதற்குப் பிறகுதான்.

"சேச்சி, ஆத்யம் சொந்தம் வீடு. எல்லா பிளக்கிலும் லோடு கொடுத்து வோல்டேஜ் நோக்கணும் கேட்டோ. ஊரார் வீடு பின்னெ."

டீச்சர் தந்த டெஸ்டிங் மீட்டரோடு ஒரு காலையில் தொடங்கினேன். ஒவ்வொரு பிளக்காக, முதலில் சும்மா அளக்க வேண்டும். பிறகு பாரமான ஒரு சாமானை ஓடவிட்டு அளக்க வேண்டும். நான் இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொண்டேன். உள்ளறையில் ஒன்றும் இல்லை. அடுக்களையில் ஒன்றும் இல்லை. முன்னறையில் இஸ்திரிப்பெட்டியைப் போட்டதும் மீட்டரில் எண் சரசரவென்று இறங்கியது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மறுபடி போட்டேன். மறுபடி இறங்கியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜெபத்துக்கு மட்டும்தானே நாம் மெஷினை இந்தப் பிளக்குக்குக் கொண்டு வருகிறோம்!

டீச்சருக்குப் போன் செய்தேன். "சேச்சி, தொடண்டா, தொட வேண்டாம். ஹாலின்டெ பியூஸ் மட்டும் ஊரிக்கோ, ஞான் ஆளெக் கூட்டி வராம்" என்றார். உள்ளறையில் வில்சனின் மெஷின் நிற்காமல் ஓட, முன்னறைக்கு மட்டும் கரண்டை நிறுத்தினேன். டீச்சர் கூட்டி வந்த எலக்ட்ரீஷியன் முன்னறையில் தலைக்கு மேலே இருந்த மரத் தட்டுப் பலகையைக் கழற்றினார். முன்னறையை நீட்டிக் கட்டியபோது யாரோ பழைய வயரோடு புது வயரைச் சும்மா முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். மெஷின் கொஞ்ச நேரம் ஓடினாலே அந்த முறுக்கு சூடேறி, பிளக்குக்கு வரும் கரண்டு குறைந்திருக்கிறது. டேப் கரிந்து போயிருந்தது. அதைத் தொட்டிருந்த பலகையும் கருகியிருந்தது. அதற்கு நேர் கீழேதான் தினமும் வில்சனின் நாற்காலி. சுற்றிலும் நாங்கள். ஆக்சிஜன் குழாயும் சிலிண்டரும் அங்கேதான்.

"இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா வீடு பத்தியிருக்கும்" என்றார் எலக்ட்ரீஷியன்.

இந்தச் சத்தத்தை நிறுத்தும் என்று எத்தனை நாள் கண்ணீரோடு கேட்டோம். ஆண்டவர் நிறுத்தவில்லை. காரணம் தெரிகிறவரை அந்தச் சத்தத்தாலேயே எங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

லில்லி அக்கா கரிந்த வயரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்பொ பிசாசு இல்லியா மக்கா?"

"டேப்பாக்கும் அக்கா."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த வாயோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

வயர் மாற்றிய அன்று சாயங்காலம் முன்னறையில் மெஷின் அமைதியாக ஓடியது. ஜெபம் தொடங்கப் போனேன். வில்சன் கையைத் தூக்கித் தடுத்தார். "இண்ணு நான் ஜெபிக்கேன்." நோய் வந்த பிறகு அவர் ஒரு ஜெபத்தையும் முடித்ததில்லை. அன்று ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று, மூச்சு வாங்கி, முடித்தார்.

"ஆண்டவரே, ஆளை அனுப்பும்னு இவ அழுதா. நீர் இவளையே அனுப்பினீரே. ஸ்தோத்திரம்."

நான் அடுக்களையில் கேட்டது அவர் காதில் விழுந்திருக்கிறது. நான் சத்தமாக ஆமென் சொன்னேன்.

இப்போது சர்டிபிகேட் வாங்கிவிட்டேன். பாறசாலை, பனச்சமூடு பக்கம் வீடுகளுக்குப் போய் வருகிறேன். எந்த வீட்டில் ஏறினாலும் வாசலில் ஒரு நிமிஷம் கண்ணை மூடுவேன். பிறகு முதல் வேலையாக, வீட்டில் வயதானவர்களோ நோயாளிகளோ எங்கே உட்காருவார்கள் என்று கேட்டு அந்தப் பிளக்கைப் பார்ப்பேன். வில்சனின் நோய் போய்விட்டதா என்றால், இல்லை. மெஷின் இன்னும் ஓடுகிறது. அவர் எங்களோடு இருக்கிறார். அது எனக்குப் போதும்.

நீங்களும் பதில் வரவில்லை என்று சோர்ந்திருந்தால், ஆண்டவரை விட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் பிடிக்காத ஒரு வழியை அவர் காட்டினால் கோபித்துக்கொண்டாவது அதில் போங்கள். எங்கள் வீட்டில் இன்றும் சாயங்கால ஜெபம் உண்டு. மூச்சு முட்டுகிறவர்கள் இருந்தால் மெஷினோடு அழைத்து வாருங்கள். நடுவில் வில்சன் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுகிறேன். பிளக்கை நானே பார்த்துவிட்டேன், பயப்படாமல் சொருகலாம்.