வாசலுக்கு நேரே கம்பம்

2024 மார்ச் 19, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து ஃபில்டரில் டிகாக்‌ஷன் போட்டேன். கணவர் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பியதும் பாத்திரங்களைத் துடைத்து அளவுவாரியாக அடுக்கினேன். கொல்லையில் துணிக்கம்பத்தில் தொங்கியவற்றை எடுத்து மடித்தேன். மருத்துவமனையில் நோயாளிகளின் கோப்புகளைச் சரிபார்ப்பது என் வேலை. அன்று அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். பத்து மணிக்குக் கட்டட ஆய்வாளர் வருவதாக இருந்தது.

ஆஸ்திரேலியாவில், கிரான்பர்னில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அக்காவுக்கு ஒரு சிறிய வீடு வரப்போகிறது. தொழிற்சாலையில் முழுதாகச் செய்து, லாரியில் ஏற்றிவந்து, குட்டைத் தூண்களின் மேல் இறக்கி வைக்கும் வீடு. அக்கா திருச்சியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் போன பிறகு எங்களிடம் வந்தாள். இஸ்திரி போடும் அறையில் ஒரு கட்டிலை நெருக்கிப் போட்டுக் கொடுத்திருந்தோம். அதில் படுத்துக்கொண்டு, புது வீட்டில் எதை எங்கே வைப்பது என்று நாள் முழுதும் பேசுவாள்.

விண்ணப்பத்துக்கான முதல் வரைபடத்தை நான்தான் வரைந்தேன். எங்கள் மனையின் வலது வேலியை ஒட்டி நீளமாக ஒரு பட்டை நிலம் உண்டு. அதன் அடியில் பல வீடுகளுக்கும் பொதுவான கழிவுநீர்க் குழாய் போகிறது. நிலம் எங்களுடையதுதான், ஆனால் அதன் மேல் எதையும் நிறுத்தக் கூடாது. ஈஸ்மென்ட் என்பார்கள். அதைச் சிவப்புப் பென்சிலால் அடைத்துக் காட்டியிருந்தேன்.

விதிகளைப் படித்துப் படித்து அக்காவுக்குச் சொல்வதும் என் வேலையாக இருந்தது. கேஸ் அடுப்பு வேண்டும் என்றாள். இந்த வகை வீட்டுக்கு எரிவாயு இணைப்பு கிடையாது என்றேன். முன்னால் சின்னதாகக் கூரை இறக்கி உட்கார இடம் கேட்டாள். அனுமதித்த வரைபடத்தில் அது இல்லை என்றேன்.

“வீடு கேட்டா ரயில் பெட்டி குடுக்கறீங்க. அபாயச் சங்கிலியாவது உண்டா?” என்றாள்.

வரைபடத்தை விரித்துக் காட்டியபோது அவள் விரல் நேராகத் துணிக்கம்பத்தில் போய் நின்றது. அது கொல்லை நடுவில் சிமென்ட் போட்டு ஊன்றிய இரும்புக் கம்பம். புது வீட்டின் கதவைத் திறந்தால் கண்ணுக்கு நேரே அதுதான்.

“வாசலுக்கு நேரா கம்பம் குத்துதேடி. அப்படி இருக்கக் கூடாது.”

“இது ஆஸ்திரேலியா அக்கா. சூரியனே வடக்குப் பக்கமாப் போகுது. உன் வாஸ்து இங்கே தலைகீழ்.”

“சூரியன் எப்படி வேணா போகட்டும். கம்பம் என்ன தலைகீழாவா நிக்குது?”

நான் சிரித்தேன். வரைபடத்தை மடித்து உறையில் வைத்தேன். பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

வீட்டை நிறுவித் தர ஒப்புக்கொண்டவர் மன்னார்க்காரர், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். பல வருடம் வேறொருவரிடம் வேலை செய்துவிட்டு அப்போதுதான் சொந்தமாகத் தொடங்கியிருந்தார். சனிக்கிழமை வந்து, நான்கு மூலைக்கும் முளை அடித்துக் கயிறு கட்டினார். நான் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அளவையும் வரைபடத்தோடு ஒப்பிட்டேன்.

“இந்த வீட்டில நாடா பிழை விட்டாலும் அக்காவின்ர கண் பிழை விடாது” என்று என்னைக் காட்டிச் சொன்னார். பிறகு என் அக்காவிடம், “அன்ரி, வாற மாசம் குடி போயிடலாம். போட்டு வாறன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை துணி உலர்த்தப் போனேன். கயிறு இடம் மாறியிருந்தது. பழைய முளைக் குழிகளை மண் போட்டு மிதித்து, மேலே புல் பிய்த்துத் தூவியிருந்தது. நான்கு முளைகளும் வலது வேலியை நோக்கி ஒரே அளவாக நகர்ந்திருந்தன. என் முழங்கையை வைத்துப் பார்த்தேன். சரியாக இரண்டு முழம். மூலைகள் கொஞ்சமும் கோணவில்லை, கயிறு வீணைத் தந்திபோல் விறைப்பாக இருந்தது. முப்பது வருடம் பள்ளி மைதானத்தில் கபடிக்கும் கோ-கோவுக்கும் கோடு போட்ட கை. இப்போது கதவைத் திறந்தால் கம்பம் நேரே நிற்காது.

வலது பக்கக் கயிறு சிவப்புப் பென்சில் பட்டைக்குள் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாடா தேவைப்படவில்லை.

உள்ளே போனேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து, அபூர்வமாக, பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கேஸ் இல்லை, கூரை இல்லை என்று சொன்ன வாயால் இதையும் இல்லை என்று சொல்ல வேண்டும். மண்ணுக்குள் ஆழத்தில் கிடக்கிற குழாய்க்கு இரண்டு முழம் என்ன தெரியப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு கோப்பில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புகிறவள் நான். “தோசைக்கு ஊத்தட்டுமா?” என்று மட்டும் கேட்டேன்.

திங்கட்கிழமை நான் வேலையில் இருந்தபோது மன்னார்க்காரர் இயந்திரத்தோடு வந்து, கயிற்றை நம்பித் தூண்களுக்குக் குழி தோண்டிவிட்டார்.

செவ்வாய் பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஆஸ்திரேலியப் பெண். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் குழிகளைப் பார்ப்பது கட்டாயம். வேலியிலிருந்து ஒருமுறை அளந்தார். மறுபடியும் அளந்தார். வலது வரிசைக் குழிகள் எல்லாமே ஈஸ்மென்ட்டுக்குள் இருக்கின்றன, குழாய் இன்னும் ஆழத்தில் இருந்ததால் தப்பியது என்றார்.

மன்னார்க்காரர் நாடாவை வாங்கித் தானும் அளந்தார். அவர் முகம் எப்படிப் போனது என்பதை நான் பார்த்தேன். தவறு தன்னுடையதுதான், தோண்டுமுன் மறுபடி அளந்திருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஆய்வாளரிடம் சொன்னார்.

ஆய்வாளர் கடுமையாகப் பேசவில்லை. குழிகளை மூடிச் சரியான இடத்தில் தோண்ட வேண்டும். இனி இவர் எடுக்கும் ஒவ்வொரு வேலையிலும், நில அளவையாளர் ஒருவர் வந்து குறித்துச் சான்று தந்த பிறகே தோண்டலாம் என்று அறிக்கையில் எழுதப்போவதாகச் சொன்னார்.

நான் காபித் தட்டோடு நின்றேன். ஒரு வாக்கியம் போதும். வாயைத் திறந்தால் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கிற அக்காவைக் காட்டிக் கொடுக்க வேண்டும். “சர்க்கரை போடலாமா?” என்று ஆய்வாளரிடம் கேட்டேன்.

அவர் போன பிறகு மன்னார்க்காரர் குழிகளின் ஓரமாகக் குந்தினார். “ட்ருகனினாப் பக்கம் ரெண்டு வீட்டு வேலை பேசி வைச்சிருக்கிறன் அக்கா. இந்த அறிக்கையைப் பாத்தா அந்த வீட்டு ஆக்கள் என்னை விட்டுடுவினம். நான்தான் ஒருக்கா அளந்திருக்க வேணும்.” காபியைக் குடித்து முடித்து, கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மாலை அக்கா அடுப்படிக்கு வந்தாள். “அந்தம்மா என்னடி சொல்லிட்டுப் போச்சு? அந்தப் பையன் மூஞ்சியே சரியில்ல.”

சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“முளைய நகத்தினது நான்தான்டி.”

“தெரியும்.”

“எப்பத் தெரியும்?”

“ஞாயித்துக்கிழமை காலையில.”

“டப்பாவுக்கு மூடி மாறிப்போனா ஊரைக் கூட்டுவ. இதைப் பாத்துட்டுச் சும்மாவா இருந்த?”

“உனக்கு எல்லாத்துக்கும் இல்லை இல்லைன்னே சொல்லிட்டிருந்தேன். இதுக்கும் சொல்ல மனசு வரல.”

அக்கா மேஜையில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். “சிவப்பா அடைச்சது எதுக்குன்னு நீ சொல்லல. அடியில குழாய் போறது எனக்குத் தெரியாது. அந்தப் பையனுக்கும் நான் நகத்தினது தெரியாது. ரெண்டும் தெரிஞ்சவ நீ ஒருத்திதான்.”

மன்னார்க்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டு நடந்ததை முழுதாகச் சொன்னேன். “கம்பம்தானே அக்கா பிரச்சினை? ஒரு சொல் சொல்லியிருந்தா அதைப் பிடுங்கித் தந்திருப்பனே” என்றார்.

எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை. அக்காவுக்கு வீடுதான் நகர வேண்டியிருந்தது. எனக்கு வரைபடத்தில் இருப்பதெல்லாம் அசையாதவை.

காலையில் ஆய்வாளரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். “அன்ரியின்ர பேரை அங்க சொல்லிப்போடாதேங்கோ. வயசான மனுசி, பயந்துபோடுவா” என்று சொல்லி வைத்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

புதன்கிழமை ஃபில்டரைத் தொடவில்லை. ஆய்வாளரின் அலுவலகம் திறப்பதற்காகக் காத்திருந்து, முதல் வேலையாக அவரைக் கூப்பிட்டேன். முளைகளை நகர்த்தியது எங்கள் வீட்டார், நிறுவுகிறவர் அல்ல. சனிக்கிழமை அவர் அடித்த இடம் சரி, நாடாவின் மறுமுனையைப் பிடித்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை அதைக் கண்டும், அது எங்கே வருகிறது என்று தெரிந்தும் பேசாமல் இருந்தேன். அறிக்கையை அனுப்புமுன் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். இதையே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். நேற்று காபித் தட்டோடு பக்கத்திலேயே நின்றீர்களே, அப்போதே ஏன் சொல்லவில்லை என்று அடுத்ததாகக் கேட்டார். அதையும் எழுதி அனுப்புகிறேன் என்றேன்.