எட்டு மணிக் குடும்பம்

எங்கள் தெருவில் அந்தக் குடும்பத்தைப் பற்றி என்னிடம் வந்து சொல்லாத ஆள் கிடையாது. ஏதோ அவர்கள் எல்லாம் என் சித்தப்பா வீட்டு மனிதர்கள் மாதிரி. தண்ணீர் பிடிக்கப் போனால், "பாத்தியா நேத்து, அந்த அண்ணன் எப்டி வண்டி ஓட்றாரு!" என்பார்கள். மாவு அரைக்கப் போனால், "அந்தப் பொண்ணு உன்ன மாதிரியேதான், எப்பப் பாரு சிரிச்சிகினே இருக்குது" என்பார்கள். நான் சிரித்துக்கொண்டே இருக்கிற ஜாதி இல்லை என்பது தெருவுக்கே தெரியும். ஆனாலும் சொல்வார்கள்.

இரவு எட்டு மணிக்கு டிவியில் வரும் ரியாலிட்டி ஷோ அது. குள்ளமான அப்பா, குள்ளமான அம்மா, பள்ளிக்கூடம் போகிற குள்ளமான பையன். கேமராக்காரர்கள் அவர்கள் வீட்டிலேயே குடியிருப்பதுபோல எல்லாவற்றையும் எடுத்துப் போடுவார்கள். அவர் டீ போடுவார். அந்த அம்மா துணி காயப்போடுவார். பையன் ஹோம்வொர்க் எழுதமாட்டேன் என்று அடம்பிடிப்பான். அவ்வளவுதான் விஷயம். இதையே நெட்டையான ஒரு குடும்பம் செய்தால் எவன் உட்கார்ந்து பார்ப்பான்? பின்னணியில் வயலின் வேறு அழும். குள்ளம் என்ற சொல் அந்த நிகழ்ச்சியில் ஒரு நாளும் வராது. அதிசயக் குடும்பம், தன்னம்பிக்கைக் குடும்பம் என்றுதான் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல்லில் ஒரு குறையும் இல்லை. நான் குள்ளம். அந்தப் பெண்ணைவிட ஒரு விரல்கடை கம்மியாகவே இருப்பேன்.

எங்கள் வீடு ஒதியம்பட்டுப் பக்கம். எனக்கு சேதராப்பட்டு எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக் பண்ணுகிற வேலை. அதே கம்பெனியில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவரைத்தான் காதலித்துக் கட்டிக்கொண்டேன். அவர் எல்லோரையும் போல உயரம். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அவருடைய அம்மாவும். கல்யாணமான புதிதில் அவர் கொத்தனாரை வைத்து அடுப்பு மேடையை என் உயரத்துக்கு இடித்துக் கட்டிக்கொடுத்தார். அத்தைக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை. "உன் மேடையில குனிஞ்சி குனிஞ்சி என் இடுப்பு போச்சி" என்பார். அதற்குப் பதிலாக உப்பு, புளி, மிளகாய் ஜாடிகளை மேல்தட்டில் வைத்துக்கொண்டார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். இதுதான் எங்களுக்குள் இருந்த உடன்படிக்கை.

நிகழ்ச்சி ஆரம்பித்த வாரம் ஒரு நாள், டிவியில் அந்தப் பெண் ஸ்டூல் போட்டு ஏறி, எக்கி, அலமாரியிலிருந்து உப்பு ஜாடியை எடுத்தாள். வயலின் எகிறியது. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ பாவம், உப்ப எடுக்க இன்னா பாடு படுது பாரு அந்தப் பொண்ணு" என்று அழுதார். அந்த நேரத்தில் நான் அவருக்குப் பின்னால் அடுக்களையில் ஸ்டூல்மேல் நின்று எங்கள் வீட்டு உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டிருந்தேன். ஏறி நின்றபடியே அவர் முதுகைப் பார்த்தேன். சிரிக்கவா, ஜாடியைக் கீழே போட்டு உடைக்கவா என்று இருந்தது. உடைக்கவில்லை. ரசத்துக்கு உப்பு போட வேண்டியிருந்தது.

இதெல்லாம் நான் பொறுத்துக்கொள்கிற எரிச்சல். பிறந்த நாளிலிருந்து பழகியது. ஆனால் அந்த வருஷம் என்னால் எதையும் பொறுக்க முடியவில்லை. எனக்கு நாள் தள்ளிப் போயிருந்தது.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். இருவரும் பாண்டிக்குப் போய் டாக்டரைப் பார்த்தோம். நல்ல டாக்டரம்மா, பொறுமையாகச் சொன்னார். குழந்தை என்னைப்போல இருக்கலாம், அவரைப்போலவும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. ஆறு மாதம் தாண்டிய பிறகுதான் ஸ்கேனில் சரியாகத் தெரியும். எப்படியானாலும் எனக்கு ஆபரேஷன்தான். திரும்பி வரும்போது வில்லியனூர் ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தியிருந்தோம். கரும்பு ஏற்றிய டிராக்டர் முன்னால் நின்றது. அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"அம்மாகிட்ட இப்ப வேணாம்டி. ஸ்கேன் முடியட்டும். அப்பறம் சொல்லிக்கலாம்."

தனியாக இருக்கும்போது நான் அவரை நீ என்றுதான் பேசுவேன். "ஸ்கேன்ல இன்னா தெரிஞ்சா சொல்லுவ? இன்னா தெரிஞ்சா சொல்லமாட்ட?" என்று கேட்டேன்.

அவர் வண்டியைக் கிளப்பினார். கேட் திறந்துவிட்டது.

அதற்கப்புறம் என் வயிற்றுக்குள் இருந்ததை நான் சந்தோஷமாக நினைத்த நேரத்தைவிட, இது இந்த வீட்டுக்குள் எப்படி வந்து விழப்போகிறது என்று பயந்த நேரம்தான் அதிகம். என்னைப்போலவே பிறந்தால் இந்த அத்தை அதைத் தூக்கிக் கொஞ்சுவாரா, இல்லை முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைப்பாரா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது.

அந்த நேரம் பார்த்து டிவிக்காரப் பெண்ணும் முழுகாமல் இருக்கிறாள் என்று அறிவித்தார்கள்.

கேட்கவேண்டுமா? ஊர் இரண்டு பட்டது. போனில் அந்த நிகழ்ச்சிக்குக் கீழே வந்த கருத்துகளைக் கட்டைவிரல் மரத்துப் போகிற வரைக்கும் தள்ளித் தள்ளிப் படித்தேன். படிக்காதே என்று மனசு சொல்லும், விரல் கேட்காது. பாதிப் பேர் சிவப்பு இதயமாகப் போட்டிருந்தார்கள். மீதிப் பேர், தெரிந்தே ஒரு பிள்ளையைக் கஷ்டப்படுத்தலாமா என்று நியாயம் கேட்டிருந்தார்கள். இதயம் போட்டவர்களிலும் நிறையப் பேர் ‘இந்தக் குழந்தையாவது நன்றாகப் பிறக்கட்டும்’ என்று எழுதியிருந்தார்கள். இந்தக் குழந்தையாவது! அப்படியானால் ஹோம்வொர்க் எழுதமாட்டேன் என்று அடம்பிடிக்கிறானே, அவனுக்கு என்ன கேடு? கையெழுத்துதான் கோழி கிண்டின மாதிரி இருக்கும்.

கம்பெனி வேனிலும் இதே பேச்சு. ஒரு நாள் காலையில் நான் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டிருக்கும்போதே முன் சீட்டில் ஒருத்தி சொன்னாள்: "ஒண்ணுதான் அப்டி ஆயிப்போச்சி, தெரிஞ்சிகினே இன்னொண்ணு பெத்துக்கணுமா?" பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் இடித்தாள். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "ஐயோ, உன்ன சொல்லலம்மா, டிவில வர்றவங்கள சொன்னேன்" என்றாள்.

"என்னைச் சொன்னா இன்னா பண்ணுவேன்னு நெனச்ச?" என்று கேட்டுவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன்.

வீட்டில் எட்டு மணிக்கு நான் டிவியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அத்தை முகத்தைத்தான் பார்ப்பேன். அந்தப் பெண் வாந்தி எடுக்கும்போது அவர் முகம் எப்படிப் போகிறது, டாக்டரிடம் போகும்போது எப்படிப் போகிறது. ஒன்றும் பிடிபடவில்லை. முன்பெல்லாம் வளவளவென்று பேசிக்கொண்டு பார்க்கிறவர், இப்போது ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு உம்மென்று இருந்தார். ஒரு நாள் மட்டும், "பொறக்கறது நல்லபடியா பொறக்கணும்" என்றார். நல்லபடி என்றால் எந்தப்படி?

அந்த வாரம் அன்பியம் எங்கள் வீட்டு முறை. தெருவில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் வாரத்துக்கு ஒரு வீடாகக் கூடி ஜெபமாலை சொல்வோம். பிறகு மன்றாட்டு. யாருக்கு என்ன வேண்டுமோ அவர்கள் வாய்விட்டுச் சொல்வார்கள், மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்ல வேண்டும். கடைசியில் பாட்டு, சுண்டல், டீ. நிகழ்ச்சி வந்ததிலிருந்து எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும் என்று ஜெபமாலை எக்ஸ்பிரஸ் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு இரண்டாவது ஷிஃப்ட். அத்தையும் நானும்தான் பாய் விரித்து, மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினோம்.

மன்றாட்டு நேரத்தில் எல்லோரும் முழங்காலில் நிற்பார்கள். எனக்கு முட்டி வலி, அதனால் நான் மட்டும் நின்றுகொள்வேன். அப்போது எல்லோர் தலையும் என் தலையும் ஒரே மட்டத்தில் இருக்கும். வாரத்தில் அந்தக் கொஞ்ச நேரம்தான் அண்ணாந்து பார்க்காமல் தெருப் பெண்கள் முகத்தைப் பார்ப்பேன். ஒருத்தி மகனுக்கு வேலை கேட்டாள். ஒருத்தி வீட்டுக்காரர் குடியை விடவேண்டும் என்றாள். எதிர் வீட்டு அக்காதான் ஜெபத்தை நடத்துகிறவர். நல்ல மனுஷி. எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருகிறவர். அவர் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாகச் சொன்னார்:

"டிவில வர்ற அந்தக் குடும்பத்துக்காக. அந்தப் பொண்ணு வயித்துல இருக்கற கொழந்த, அவங்கள மாதிரி இல்லாம, நல்ல கொழந்தையா பொறக்கணும்னு ஆண்டவர மன்றாடுவோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

கூடமே சொன்னது. அத்தை குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. என் வாயும் சொல்லிவிட்டது. சின்ன வயதிலிருந்து பழகின வாய், என்ன ஏது என்று பார்க்காமல் கேட்டருளும் என்றுவிட்டது. சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. என் வயிற்றைப் பார்த்து நானே சொல்லிக்கொண்டது மாதிரி இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம்தான், உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"வேற யாராவது?" என்று கேட்டுக்கொண்டே அக்கா கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் சொல்றேன்" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள்.

"என் வயித்துல ஒரு புள்ள இருக்குது. அது என்ன மாதிரியும் பொறக்கலாம், அவர மாதிரியும் பொறக்கலாம். என்ன மாதிரியே பொறந்தா, இந்தத் தெருவுல ஒருத்தரும் அத பாத்து அழக்கூடாது. அதிசயம்னு கையெடுத்துக் கும்புடவும் கூடாது. அதுவும் நல்ல கொழந்தன்னு சொல்லணும். அதுக்காக ஆண்டவர மன்றாடுவோம்."

பதில் வரவில்லை. எதிர் வீட்டு அக்கா முகம் வெளுத்துப்போய், "சரி, அப்ப பாட்டு ஆரம்பிக்கலாமா?" என்று புத்தகத்தைப் புரட்டினார்.

"இரு" என்றார் அத்தை.

அவர் முழங்காலில்தான் நின்றார். ஜெபமாலையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"எம் மருமவ மன்றாட்டு சொன்னாளே. அதுக்கு யாரும் பதில் சொல்லல."

"இல்லக்கா, அது வந்து…" என்று இழுத்தார் எதிர் வீட்டு அக்கா.

"அது இன்னா? டிவில வர்றவளுக்கு மட்டும் சத்தமா சொன்னீங்க இல்ல? நானுந்தான் சொன்னேன். இதுக்கும் சொல்லுங்க."

சொன்னார்கள். முதலில் இரண்டு மூன்று குரல், பிறகு எல்லோரும். அத்தை உதடு அசைந்தது, குரல் கேட்கவில்லை. மனசாரச் சொன்னாரா, ஊருக்கு முன்னால் என்னை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சொன்னாரா? எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பாட்டு முடிந்ததும் எல்லோரும் சுண்டலை வாங்கிக்கொண்டு பறந்துவிட்டார்கள். வழக்கமாகப் பாதித் தெரு எங்கள் கூடத்திலேயே உட்கார்ந்து நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுத்தான் போகும். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேர்தான்.

"எத்தினி மாசம்?" என்றார் அத்தை.

"மூணு."

"நீ கருவாடு வேணாம்னு சொன்னப்பவே நெனச்சேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீ ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சி அத்த" என்றேன்.

"எனக்கு மட்டும் இன்னாவாம்? ஆபரேஷன்ல உனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா எம்புள்ள இன்னா பண்ணுவான்? அந்தப் புள்ள வெளில போனா நாலு பேர் நாலு சொல்லுவான். நீ பட்டத பாத்துகினுதானே இருக்கேன். பயமில்லாம எப்டி இருக்கும்?" என்று கத்தினார். கத்திவிட்டு, பேச்சை மாற்றுவதற்கோ என்னவோ, டிவியைப் போட்டார்.

என் பெண்ணுக்கு இப்போது ஓடியாடுகிற வயது. அவள் எந்த உயரம் என்று தெரிந்துகொள்ள இதைப் படிக்கிற உங்களுக்கும் அரிக்கும். சொல்லமாட்டேன். அன்றைக்கு அது தெரியாமலேதான் அத்தையும் நானும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம்.

டிவியில் அந்தப் பெண் மறுபடியும் ஸ்டூல் போட்டு ஏறினாள். வயிறு லேசாகத் தெரிந்தது. எக்கினாள். வயலின் ஆரம்பித்தது. நான் பழக்கத்தில் அத்தை முந்தானையைப் பார்த்தேன்.

"எடுபட்டவனுங்க!" என்றார் அத்தை. "வயித்துப் புள்ளக்காரிய ஸ்டூல் மேல ஏத்தி வுட்டுட்டு படம் புடிக்கிறானுங்க பாரு. அந்த ஜாடிய கீழ வச்சா இன்னா கொள்ள போவுது? அந்த வூட்ல ஒருத்தருக்கும் அறிவு இல்ல?"

"அத்த" என்றேன். "நம்ம வூட்டு உப்பு எங்க இருக்குது?"

அவர் மெதுவாகத் திரும்பி அடுக்களையைப் பார்த்தார். மேல்தட்டைப் பார்த்தார். கீழே இருந்த என் ஸ்டூலைப் பார்த்தார்.

"காலைல எறக்கறேன்."

"இப்பவே எறக்குங்க."

என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். இடுப்பில் கைவைத்துக்கொண்டு எழுந்தார். "எனக்கு இடுப்பு புடிச்சிக்கினா நீதான்டி தைலம் தேய்க்கணும்" என்று சொல்லிக்கொண்டே உப்பு, புளி, மிளகாய் என்று ஒவ்வொரு ஜாடியாக எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கி வாங்கி மேடைக்குக் கீழே அடுக்கினேன். கூடத்தில் வயலின் அழுதுகொண்டிருந்தது. பார்க்க அங்கே ஆள் இல்லை.