பன்னிரண்டு கைகள்

அந்த நாலு பக்கப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில், மூலையில், உள்ளங்கை அளவுக்கு ஒரு கட்டம் வரும். நகரமன்றத்தில் எந்தத் தீர்மானத்துக்கு யார் யார் கை தூக்கினார்கள், யார் தூக்கவில்லை, யார் அந்த நேரம் பார்த்து வெளியே போனார்கள் என்று பெயர் பெயராகப் போட்டிருக்கும். பத்தொன்பது வருஷமாக அதை எழுதிவந்த பெண் நிருபருக்கு ஊர் வைத்த பெயர் கை எண்ணி. பாராட்டி வைத்த பெயர் இல்லை. கட்டத்தைப் படிப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், பிழை திருத்துகிறவரையும் சேர்த்து ஒரு பத்துப் பேர் தேறுவார்கள்.

மன்றத்தின் சொந்தக் கூட்டக் குறிப்பில் இந்தச் சங்கதியெல்லாம் இருக்காது. எப்போதும் ஒரே வரி: தீர்மானம் நிறைவேறியது. யார் நிறைவேற்றினார்கள் என்ற பேச்சே கிடையாது. ஓட்டுக் கேட்டு வரும்போது வாசல் வாசலாகப் பெயர் சொல்லிக் கும்பிட்டவர்களுக்கு, கை தூக்கும்போது மட்டும் பெயர் எங்கே போய்விடுகிறது என்பது அவள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

"ஊர்ல இருக்கிற கையெல்லாம் எண்ணுற. நம்ம வீட்டுல பாத்திரம் கழுவ எத்தனை கை வருதுன்னு என்னைக்காவது எழுதினியா?" என்று கிண்டல் செய்வார் பஸ் கண்டக்டரான அவள் கணவர்.

"எழுதினா உங்க பேரு வெளியே போனவங்க வரிசையிலதான் வரும். பரவாயில்லையா?" என்பாள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவளும் ஒரு தடவை சறுக்கினாள். சந்தைக் கட்டணத்தை ஏற்றும் தீர்மானம் அது. உறுப்பினர்களில் ஒருவரான தையல்காரர், காகிதம் பறக்கிறதே என்று ஃபேனைக் குறைக்கச் சொல்லிப் பியூனுக்குக் கை காட்டினார். இவள் அதையும் ஓட்டாக எண்ணிவிட்டாள். மறுநாள் காலை சந்தையில் அவரை வறுத்தெடுத்துவிட்டார்கள். மனுஷர் நேராகப் பத்திரிகை ஆபீசுக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, வேர்த்தாலும் பரவாயில்லைன்னு ஃபேனைக் குறைக்கச் சொன்னேன். நீ என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டியே!"

பியூனிடம் விசாரித்தாள். உண்மைதான். உள்பக்கத்தில் சின்னதாக ஒரு திருத்தம் போட்டால் போதும் என்றார் ஆசிரியர். இவள் ஒப்புக்கொள்ளவில்லை, சண்டை போட்டு முதல் பக்கத்தில் போட வைத்தாள். ஊர் ஒரு மாசம் சிரித்தது. ஆனால் அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. கூட்டம் முடிந்து உறுப்பினர்கள் வராந்தாவில் டீ குடிக்கும்போது இவள் நோட்டை நீட்டுவாள். தங்கள் பெயருக்கு நேரே எழுதியிருப்பது சரிதான் என்று ஒவ்வொருவரும் சுருக்கமாகக் கையெழுத்துப் போடுவார்கள். முதல் சில மாசம் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுப் போட்டார்கள். அப்புறம் ஒரு கையில் டீயும் ஒரு கையில் பேனாவுமாக, எங்கேயோ பார்த்துக்கொண்டு போட ஆரம்பித்தார்கள்.

இப்படியிருக்க, ஒரு செவ்வாய்க்கிழமை, பயன்பாடு குறைந்த கட்டடங்கள் என்ற தலைப்பில் மன்றத்தில் ஒரு பட்டியல் ஓட்டுக்கு வந்தது. அதில் ஏழாவதாக ஊரின் ஒரே பிரசவ ஆஸ்பத்திரி. முப்பது வருஷத்துக்கு ஒரு வியாபார நிறுவனத்துக்குக் குத்தகை. பதினைந்து பேரில் பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. மன்றத் தலைவர் கையும் அதில் உண்டு.

ஆஸ்பத்திரி வாசலில் அறிவிப்பு ஒட்டிய பிறகுதான் ஊர் விழித்துக்கொண்டது. முதல் தடவையாக ஊர் முழுக்க அந்தக் கட்டத்தைத் தேடிப் படித்தார்கள். உறுப்பினர்களின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். ஒவ்வொருவரும் வாய் கூசாமல் ஒன்றையே சொன்னார்கள்: "நான் தூக்கவே இல்லை." ரெண்டு நாளில் பதினைந்து பேரும் எதிர்த்தவர்கள் ஆகிவிட்டார்கள். தீர்மானம் மட்டும் எப்படியோ தானாக நிறைவேறியிருந்தது.

கூடவே தலைவரிடமிருந்து பத்திரிகைக்கு ஒரு கடிதம். கட்டத்தில் வந்தது பொய். இந்த நிருபர் முன்பே தப்பாக எண்ணி மாட்டிக்கொண்டவர். மன்னிப்புக் கேட்காவிட்டால் அடுத்த கூட்டத்தோடு நிருபர் பெஞ்ச் எடுக்கப்படும். இனி மன்றம் தருவதை மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

"அக்கா, நிச்சயமாத் தெரியுமா?" என்றார் ஆசிரியர். அவளைவிட வயதில் சின்னவர்.

நோட்டைப் பிரித்தாள். கை தூக்கிய பன்னிரண்டு பேரில் பதினோரு பேரின் கையெழுத்து இருந்தது. தலைவரின் இடம் காலி. அன்றைக்கு அவர் டீகூடக் குடிக்காமல் காரில் ஏறிப் போனது ஞாபகம் வந்தது.

"இந்தப் பக்கத்தை அப்படியே படம் பிடிச்சுப் போட்டுடலாம்," என்றார் ஆசிரியர்.

"முதல்ல அவங்களைக் கேக்கணும். கேக்காமப் போட்டு ஒருதடவை பட்டவ நான்."

அடுத்த கூட்டத்தில் பார்வையாளர் பகுதி பிதுங்கி வழிந்தது. இடுப்பில் குழந்தையோடு பெண்கள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு நிற்கும் பெண்கள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"மேடம், மன்னிப்புக் கேக்கறீங்களா, இல்ல பெஞ்சை எடுக்கச் சொல்லவா?"

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் அந்த மன்றத்தில் எழுந்து பேசினாள். "தப்புன்னா கேக்கறேன் சார். கை தூக்கினதா பதினோரு பேர் இதுல கையெழுத்துப் போட்டிருக்காங்க. யாராவது ஒருத்தர், இது என் கையெழுத்து இல்லைன்னு சொல்லட்டும். நாளைக்கே முதல் பக்கத்துல மன்னிப்புப் போடறோம்."

பியூன் நோட்டை எடுத்துக்கொண்டு போனார். அன்று ஃபேனைக் குறைத்த அதே பியூன். முதல் நாலு பேர் நோட்டைத் தொடக்கூட இல்லை. ஐந்தாவதாக உட்கார்ந்திருந்த தையல்காரர் வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்தார்.

"இது என் கையெழுத்துதான். இந்தத் தடவை நான் ஃபேனைக் குறைக்கச் சொல்லலை. கைதான் தூக்கினேன். பட்டியலைப் படிக்காமத் தூக்கினேன். அந்தம்மா அன்னைக்குத் தன் தப்பை முதல் பக்கத்துல போட்டாங்க. நான் என் தப்பை இங்கயாவது சொல்லணும்."

பார்வையாளர் பகுதி அதிர்ந்தது. அதற்குமேல் மற்றவர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, என்னுடையதுதான், என்னுடையதுதான் என்றார்கள்.

"என் கையெழுத்து அதுல இல்லையே!" என்றார் தலைவர்.

"இல்லை சார். அதனாலதான் உங்களை நேர்ல கேக்கறேன். கை தூக்கினீங்களா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பதினான்கு பேரும் அவரையே பார்த்தார்கள்.

"தூக்கினேன்," என்றார்.

தீர்மானத்தை ரத்து செய்யத் தையல்காரரே முன்மொழிந்தார். கைகள் எழுந்தன. கடைசியாகத் தலைவருடையதும். பதினைந்து. கூட்டம் ஆர்ப்பரித்தது, யாரோ விசிலடித்தார்கள், குழந்தைகள் அழுதன. அந்த அமளியிலும் அவள் ஒருதடவைக்கு ரெண்டு தடவை எண்ணித்தான் எழுதினாள். எழுதும்போது சந்தோஷம் தாங்கவில்லை.

வராந்தாவில் டீ வந்தது. நோட்டை நீட்டினாள். முதல் ஆளாக வந்து நின்றவர் தலைவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு வரி விடாமல் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பின்னால் பதினான்கு பேர் வரிசையில் காத்திருந்தார்கள். அத்தனை பேரின் டீயும் ஆறிப்போனது.