தம்பியார் எனக்குச் சொல்லாத சொல்

மொழியும் மௌனமும் தானேயான மாதேவன் மலரடி வாழ்க.

இன்று மாசித் தேய்பிறைப் பிரதோஷம். என் தம்பியார் சிவபதம் எய்தி ஓராண்டு நிறையும் இந்நன்னாளில், உற்றாருக்கும் நண்பருக்கும் இச்சில சொற்களை எழுதுகிறேன்.

மடுகரையில் எனக்கு ஆறாண்டு பின்னே பிறந்தவர் அவர். பிரெஞ்சு பயின்று, நெட்டப்பாக்கத்தில் கொம்யூன் என்னும் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தார். ஊரார் கொணரும் பிரெஞ்சுத் தாள்களை ஒரு சொல்லும் குறையாமல் தமிழில் சொல்வார். நான் அம்மொழி அறியேன். ஏரும் பதிகமுமே அறிந்தவன். மணம் புரியாத அவரும் மனைவியை இழந்த நானும் ஒரே வீட்டில் வாழ்ந்தோம். மாலைதோறும் விளக்கேற்றிப் பதிகம் ஓதுவோம். முன்னடி எனது, பின்னடி அவரது.

கீழ்த்தாடையில் வீக்கம் கண்டபோது பல்நோய் என்றெண்ணிப் பல்லைப் பிடுங்குவித்தேன். அது என் பிழை. கட்டி வளர்ந்தது. "பல்லு போயி கொழுக்கட்ட வந்துச்சுண்ணா" என்று அவரே நகைத்தார். வண்டி கட்டிப் புதுச்சேரிக்குப் போனோம்.

பிரெஞ்சு மருத்துவர் மார்பையும் படம் பிடித்துப் பார்த்து, நெடுநேரம் பேசினார். தம்பியார் கேட்டு முடித்து என்னிடம் திரும்பினார்.

"அரிதா வர்ற கட்டியாம். தாடையில பாதிய எடுத்தா சரியாப் பூடுமாம்."

"அவ்ளோ நேரம் பேசினாரே, இவ்ளோதானா?"

"தொரைங்க பேச்சே அப்படித்தாண்ணா. நீட்டி மொழக்குவாங்க, விஷயம் இத்தினிதான்."

நம்பினேன். அறுவைக்குப்பின் தாடையோடு பேச்சும் போயிற்று, சிலேட்டில் எழுதலானார். நான் முன்னடி ஓதி நிறுத்துவேன். அவர் விரல் தாளமிடும். குரல் மீளுமென்று காத்திருந்தேன்.

வந்தது இருமல்; அதில் குருதி. மறுபடி சென்றோம். இம்முறை கம்பவுண்டர் மொழிபெயர்த்தார்.

"பெரியவரே, கட்டி நுரையீரலுக்குப் பரவிட்டத அன்னிக்கே சொன்னேனேன்னு தொரை கேக்குறாரு. நோவு கொறையத்தான் அறுத்தாராம். ஒங்க தம்பிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாராம்."

தம்பியாரைப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் ஒரு சொல்லும் குறைக்காதவர், எனக்கு மட்டும் குறைத்திருந்தார். சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினார்: "சொல்லியிருந்தால் அன்றே நீங்கள் சோற்றை விட்டிருப்பீர்கள், அண்ணா."

ஏழு திங்கள் அந்தச் சொல்லோடு அவர் தனியே இருந்தார். நாள்தோறும் கஞ்சி ஊட்டிய நான் அறியவில்லை. அறிந்தபின் எங்களுக்குக் கிடைத்தவை பதினோரு நாள்களே. இன்றும் மாலையில் ஓதுகிறேன். பின்னடியை நான் ஓதுவதில்லை. அவர் அதை ஓதும் நேரம் பொறுத்து மேலே செல்கிறேன்.

வைக்கோல் பரப்பிக் குலுங்காமல் வண்டி ஓட்டியவர்க்கும், கஞ்சியை வடிகட்டித் தந்த அண்டை வீட்டு அம்மையார்க்கும், மருத்துவர்க்கும், உண்மையைச் சொன்ன கம்பவுண்டர்க்கும் என் வணக்கம்.

இதைப் படிப்போர் நோயின்றி வாழ்க. நோய் வரினும் அதைத் தனியே சுமவாதிருக்க, உள்ளதை உள்ளபடி கேட்கும் செவியொன்று உங்கள் பக்கத்தில் இருக்க இறைவன் அருள்க.